இல்லத்து அச்சுப்பொறி

திருவண்ணாமலைக்கு முதன்முறை வருவோரும் அந்நகரில் வழி தவறுதல் அரிது. கிழக்கே பதினொரு நிலைகளுடன் 217 அடி உயர்ந்து நிற்பது இராசகோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க்கோபுரம், வடக்கே அம்மணியம்மன் கோபுரம். இவை நான்கும் நான்கு திசைகளைக் காட்டி நிற்கின்றன. மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் வழியிலோ, இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் வரை எட்டு இலிங்கங்கள் எட்டுத் திசைகளுக்கும் அடையாளங்களாக அமைந்துள்ளன. நள்ளிரவில் நடப்பவரும் தாம் எத்திசையில் நிற்கின்றனர் என்பதை இவற்றால் அறிவர். அடையாளம் என்பது இடம் பெயராது நிற்பது. தனக்கென ஒரு பெயர் உடையது. இவ்விரண்டு பண்புகளுமே தேடி வருவோரை உரிய இடத்தில் கொண்டு சேர்க்கின்றன.

இவ்வுண்மை நகரங்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரு வீட்டிற்குள் இயங்கும் சிறு கருவிகளுக்கும் பொருந்துவது. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

அந்நகரின் மாட வீதி ஒன்றில் பழைய இல்லம் ஒன்று உளதெனக் கொள்க. திண்ணை, நடை, முற்றம், கூடம் என நீண்டு செல்லும் அவ்வீட்டின் சுவர்கள் ஒன்றரை முழக் கனமுடையவை. அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற தாத்தா, அவர் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர் ஆகியோர் அங்கு வாழ்கின்றனர். மக்கள் வழக்கில் ‘பிரிண்டர்’ எனப்படும் அச்சுப்பொறி ஒன்றை அவர்கள் வாங்கி வைத்துள்ளனர். தாத்தாவின் ஓய்வூதியத் தாள்கள், தம்பியின் பள்ளிச் செயல்திட்டம், அக்காளின் தேர்வுப் படிவங்கள் ஆகிய யாவும் அப்பொறியிலேயே அச்சாகும்.

ஒரு நாள் காலை, அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வுக்கு அக்காள் செல்ல வேண்டும். நுழைவுச்சீட்டு மடிக்கணினியில் இருக்கின்றது, தாளில் இல்லை. முந்திய நாள் மாலை வரை நன்கு இயங்கிய அச்சுப்பொறி, அன்று காலை ஒரு தாளும் தரவில்லை. அதன் விளக்கு எரிகின்றது, மையும் உளது, தாளும் உளது. ஆயினும், ‘அச்சுப்பொறி காணப்படவில்லை’ என்று கணினி அறிவிக்கின்றது. முந்திய நாள் இரவு அரைமணி நேரம் மின்சாரம் நின்று வந்ததைத் தவிர வீட்டில் வேறு மாற்றம் ஒன்றும் நிகழவில்லை. கண்முன் நிற்கும் பொருளைக் கணினி காணவில்லை என்பது வியப்பன்றோ? இதன் காரணத்தை அறிய வேண்டின், வீட்டு வலையின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

தமிழ் எழுத்துகள் அச்சேறிய வரலாறு நெடியது. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டது. அக்காலத்தும் அதற்குப் பின் பன்னெடுங்காலமும் அச்சுக்கூடம் என்பது ஓர் ஊருக்கு ஒன்று இருத்தலே அரிது. ஈய எழுத்துகளைக் கோத்து, மை தடவி, தாளை அழுத்தி எடுக்கும் பெருந்தொழில் அது. அதனை வீட்டு மேசைக்குக் கொண்டு வந்தவை இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்புகள். 1938ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய செஸ்டர் கார்ல்சன், நிலைமின்னின் ஈர்ப்பால் மைப்பொடியைத் தாளில் படியச் செய்யும் முறையைக் கண்டார். 1971ஆம் ஆண்டில் கேரி ஸ்டார்க்வெதர் என்பார், கலிபோர்னியாவில் சீராக்ஸ் நிறுவனம் அமைத்திருந்த பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில், லேசர் ஒளியால் எழுதும் அச்சுப்பொறியை உருவாக்கினார்.

இவ்விடத்து ஒரு செய்தி கருதத்தக்கது. அந்நிலையத்தில் கணினிகள் பல இருந்தன. விரைவுமிக்க லேசர் அச்சுப்பொறியோ விலையுயர்ந்தது. கணினிக்கு ஒன்றாக அதனை வைத்தல் இயலாது. ஒரு பொறியை எல்லாக் கணினிகளும் பகிர்ந்துகொள்ள வழி யாது என்னும் வினா எழுந்தது. 1973ஆம் ஆண்டு மே திங்கள் 22ஆம் நாள் இராபர்ட் மெட்காஃப் என்பார் அதற்குரிய இணைப்பு முறையைக் குறிப்பாக எழுதி அளித்தார். அதுவே ‘ஈதர்நெட்’ எனப் பெயர் பெற்றது. இன்று உலகெங்கும் அலுவலகங்களையும் இல்லங்களையும் இணைக்கும் அம்முறை தோன்றியதற்கு, ஓர் அச்சுப்பொறியைப் பலர் பகிர வேண்டும் என்னும் தேவையும் ஒரு காரணமாகும். ஆகவே, வீட்டு வலையில் அச்சுப்பொறியைச் சேர்ப்பது பின்னாளில் எழுந்த புதுவழக்கம் அன்று. வலை பிறந்த நோக்கங்களுள் ஒன்றே அஃது.

இனி, வீட்டு வலையாவது யாது? வெளியிலிருந்து வரும் இணைய இழை வந்து சேரும் பெட்டியை மக்கள் ‘ரவுட்டர்’ என்பர். அது தெருமுனையில் உள்ள அஞ்சல் நிலையம் போன்றது. வீட்டிலுள்ள கணினி, கைப்பேசி, அச்சுப்பொறி ஆகிய ஒவ்வொன்றுக்கும் அது ஓர் எண்ணை வழங்கும். அதனை ‘ஐ.பி. முகவரி’ என்பர். பெரும்பாலும் அஃது 192.168 எனத் தொடங்கும். கணினி ஓர் ஏட்டை அச்சிட விரும்பின், அதனைச் சிறு சிறு பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பொதியின்மேலும் அச்சுப்பொறியின் முகவரியை எழுதி விடுக்கும். ரவுட்டர் அவற்றை உரிய கருவியிடம் சேர்ப்பிக்கும். இவ்வேலைக்கு வெளியுலக இணையம் வேண்டுவதில்லை. இணைய இழை அறுந்திருப்பினும், ரவுட்டருக்கு மின்சாரம் இருக்குமாயின் வீட்டிற்குள் அச்சிடுதல் இயலும்.

வலையில் அச்சுப்பொறியைச் சேர்க்கும் வழிகள் மூன்று. முதலாவது, ஈதர்நெட் வடத்தால் அதனை ரவுட்டருடன் நேரே பிணைத்தல். வடம் நூறு மீட்டர் வரை செல்லும். சுவரும் தொலைவும் அதற்குத் தடையல்ல. உறுதியில் இதற்கு நிகர் வேறில்லை. இரண்டாவது, கம்பியின்றி ‘வைஃபை’ அலைகளால் இணைத்தல். பொறியின் முகப்பில் உள்ள சிறு திரையில் வீட்டு வலையின் பெயரைத் தேர்ந்து, கடவுச்சொல்லை இட்டால் இணைப்பு நிகழும். திரையில்லாப் பொறியாயின், அதனை உருவாக்கிய நிறுவனத்தின் செயலியைக் கைப்பேசியில் நிறுவி, அதன் வழியாகக் கடவுச்சொல்லை அறிவித்தல் வேண்டும். மூன்றாவது, யு.எஸ்.பி. வடத்தால் ஒரு கணினியோடு பிணைத்து, அக்கணினியின் வழியாகப் பிறரும் அச்சிடுதல். இதில் ஒரு குறை உண்டு. அக்கணினி உறங்கினால் அச்சுப்பொறியும் உறங்கியதாகும்.

வைஃபையால் இணைப்போர் ஒரு நுட்பத்தை அறிதல் நன்று. ரவுட்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இருவகை அலைகளை விடுக்கின்றன. முன்னதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்; பின்னதன் அலைநீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். குறுகிய அலை மிகுந்த விரைவில் செய்தி சுமக்கும். ஆயின், கனத்த சுவரைக் கடக்கையில் பெரிதும் தளரும். அச்சுப்பொறிகள் பலவும் 2.4 அலையை மட்டுமே ஏற்பவை. இவ்விருவகைக்கும் தனித்தனிப் பெயர் இட்டுள்ள வீட்டில், 5 என்னும் வலையின் பெயரை அச்சுப்பொறியில் எத்துணை முறை தேடினும் கிட்டாது. அது பொறியின் பழுதன்று, அதன் இயல்பு. அத்தகைய பொறிக்கு மற்றொரு பெயரைத் தேர்ந்தளித்தலே வழியாகும்.

அடுத்து, இடம் தேர்தல். இதனைத் திருவண்ணாமலை மக்களுக்கு விளக்குதல் எளிது. கார்த்திகைத் தீபம் 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படுவதாலன்றோ பல ஊர்களுக்கும் புலனாகின்றது? அதே விளக்கைத் தெருவோரத்தில் வைப்பின் அடுத்த தெருவினர்க்கும் தெரியாது. வைஃபை அலையும் ஒளியின் இனத்தைச் சேர்ந்ததே. ஆகவே, ரவுட்டர் வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்திற்கு மேல், திறந்த இடத்தில் இருத்தல் வேண்டும். பலர் அதனைத் தெருப்பக்க அறையின் மூலையில், தொலைக்காட்சிக்குப் பின்னே மறைத்து வைப்பர். அலைகளிற் பாதி அப்போது தெருவிற்கே பயன்படும்.

எனினும், ஒளிக்கும் இவ்வலைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒளி புகாத செங்கற்சுவரில் இவ்வலை ஓரளவு புகும். கருங்கற்சுவரும் கம்பி பொதிந்த கற்காரைச் சுவரும் அதனை மிகவும் தளர்த்தும். இரும்புப் பீரோ அதனைத் திருப்பி விடும். நிறைந்த தண்ணீர்த் தொட்டி அதனை உட்கொள்ளும். மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும்போது 2.4 அலையில் குழப்பம் விளைவிக்கும். ஆதலின், ரவுட்டருக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே ஒரு சுவருக்கு மேல் இல்லாதவாறு அமைத்தல் சிறப்பு. பழைய வீடுகளில் கூடமே இதற்கு ஏற்றது. முற்றத்தின் வழியே அலைகள் தடையின்றி உலவும். வீட்டினர் யாவரும் தடையின்றி அணுகவும் இயலும்.

அலைக்கு ஏற்ற இடம் பொறிக்கும் ஏற்றதாக இருத்தல் வேண்டும். வெயில் நேரே படும் சாளரத்தருகில் வைப்பின் மை உலரும். ஊதுவத்தியும் கற்பூரமும் எரியும் பூசை அறையை ஒட்டி வைப்பின் கரியும் தூசும் உட்புகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் தாள்கள் ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டும், பொறிக்குள் சிக்கும். தாள்களை உறையிலேயே வைத்து, வேண்டும்போது எடுத்தல் நலம். மை தெளிக்கும் வகைப் பொறியாயின், வாரம் ஒரு தாளேனும் வண்ணத்தில் அச்சிட்டால் மைத்துளைகள் அடைபடா. லேசர் வகைப் பொறியோ, மைப்பொடியைத் தாளில் உருக்கிப் பதிக்க ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசு வெப்பத்தைப் பயன்கொள்வது. தொடங்கும் பொழுதில் அது பல நூறு வாட் மின்னாற்றலை ஒருங்கே இழுக்கும். ஆதலின், அதனை வீட்டு இன்வெர்ட்டரிலும் கணினியின் யு.பி.எஸ்.சிலும் இணைத்தல் கூடாது. சுவரிலிருந்து ஒரு சாண் விலகி, காற்றோட்டமுள்ள சமதளமான மேசைமேல் அதனை வைத்தல் வேண்டும்.

இனி, தேர்வு நாட்காலையில் நேர்ந்த இடர்க்கு வருவோம். அக்காள் கலங்கி நின்றபோது, தாத்தா மேசையருகே வந்தார்.

“அம்மா, நேற்று வரை இப்பொறியின் முகவரி யாது?” என்று வினவினார்.

“கணினியில் குறித்து வைத்திருக்கின்றேன், தாத்தா. கடைசி எண் 5” என்றாள் அவள்.

தம்பி பொறியின் சிறு திரையை அழுத்திப் பார்த்தான். “இங்கே 8 என்று இருக்கின்றதே, அக்கா!” என்றான்.

தாத்தா நகைத்தார். “இரவோடிரவாக ஒரு வீட்டின் கதவிலக்கத்தை மாற்றிவிட்டால் அஞ்சற்காரர் என்ன செய்வார்? நானும் கடிதத்தைத் திருப்பியே அனுப்பியிருப்பேன். இதில் கணினியின் குற்றம் ஒன்றுமில்லை. தேர்வுக்கு நேரமாகின்றது, இப்போது யு.எஸ்.பி. வடத்தை மாட்டி அச்சிடு. எண்ணைப் பற்றி மாலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

மூன்று நிமிடத்தில் நுழைவுச்சீட்டு கைக்கு வந்தது. அவளும் உரிய நேரத்தில் தேர்வுக்கூடம் சென்றாள்.

நிகழ்ந்தது இதுவே. ரவுட்டர் வழங்கும் முகவரி நிலையான உடைமையன்று; குறிப்பிட்ட காலத்திற்கு விடும் குத்தகை. ‘டி.எச்.சி.பி.’ எனப்படும் இம்முறை 1993ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. இரவில் மின்சாரம் நின்று வந்தபோது ரவுட்டர் தன் பழைய கணக்கை மறந்தது. விழித்தெழுந்த கருவிகளுள் தந்தையாரின் கைப்பேசி முந்திக்கொண்டு 5ஆம் எண்ணைப் பெற்றது. பின்னே வந்த அச்சுப்பொறிக்கு 8ஆம் எண் கிடைத்தது. மடிக்கணினியோ பழைய முகவரிக்கே ஏட்டை விடுத்தது. அங்கிருந்த கைப்பேசிக்கு அச்சிடத் தெரியாது.

அன்று மாலை அவர்கள் செய்த வேலை சிறியது, பயனோ பெரியது. ஒவ்வொரு கருவிக்கும் அதனை உருவாக்கியவர் இட்ட ‘மேக் முகவரி’ என்னும் பன்னிரண்டு குறியுடைய அடையாளம் ஒன்று உண்டு. அச்சுப்பொறியின் அடையாளத்தை அதன் அமைப்புத் தாளில் கண்டு, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பதிந்து, ‘இவ்வடையாளமுடைய கருவிக்கு 50ஆம் எண்ணையே என்றும் வழங்குக’ என ஒதுக்கீடு செய்தனர். மடிக்கணினியிலும் அவ்வெண்ணைப் புதிதாக எழுதினர். பின்னர் ரவுட்டரையும் பொறியையும் வேண்டுமென்றே அணைத்து ஏற்றி, ஒரு தாள் அச்சிட்டுச் சோதித்தனர். அதன்பின் மின்சாரம் எத்தனை முறை நின்று வந்தாலும் பொறியின் எண் மாறவில்லை.

எண்ணை நினையாமல் பெயரால் அழைக்கும் முறையும் உண்டு. 2002ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளில் அதனை அமைத்தது. ‘இவ்வீட்டில் அச்சுப்பொறி யார்?’ என்று கருவி வலை முழுதும் கேட்கும். ‘நானே’ என்று பொறி தன் பெயரையும் அப்போதைய எண்ணையும் கூறும். இன்றைய கைப்பேசிகள் பலவும் இம்முறையாலேயே பொறியைக் கண்டுகொள்கின்றன. எனினும், கேட்பவரும் விடையளிப்பவரும் ஒரே வலையில் இருந்தாலன்றி இவ்வுரையாடல் நிகழாது. கைப்பேசி வைஃபையை விட்டுத் தன் சொந்த இணையத்தில் இருக்குமாயின், பொறியின் பெயர் அதற்குத் தோன்றாது. அந்நிலையில் பொறியைக் குறை கூறுவதற்கு முன், கைப்பேசி எவ்வலையில் உளது என நோக்குதல் முறை.

இறுதியாகக் காவல் பற்றியும் அறிதல் வேண்டும். அச்சுப்பொறியும் ஒரு கணினியே. அதன் நினைவில் வீட்டினரின் ஏடுகள் தங்குதல் உண்டு. பொறியின் அமைப்புப் பக்கத்திற்கு நிறுவனம் இட்ட பொதுக் கடவுச்சொல்லை மாற்றுதல் முதற்கடமை. வெளியுலக இணையத்திலிருந்து பொறியை நேரே அணுகும் வாயிலைத் திறந்து வைத்தல் தீங்கு. 2018ஆம் ஆண்டு நவம்பரில் ஒருவர், அவ்வாறு திறந்து கிடந்த பொறிகளைத் தேடி, பல நாடுகளிலும் தாம் விரும்பிய துண்டறிக்கையை அச்சிடச் செய்தார். ஏறத்தாழ ஐம்பதாயிரம் பொறிகளில் அது வெளிவந்தது என அவரே கூறினார். தீபத் திருநாளில் வீடு நிறைய உறவினர் வருவர். யாவரும் வைஃபை கேட்பர். அவர்கட்கென ரவுட்டரில் உள்ள ‘விருந்தினர் வலை’யைத் திறந்து தரலாம். இணையம் அவர்க்குக் கிட்டும். வீட்டுப் பொறியும் ஏடுகளும் தனித்தே இருக்கும். அச்சிட்ட தாளைப் பொறியின்மேலேயே விட்டுச் செல்லாமையும் காவலின் ஒரு பகுதியே. ஆதார் அட்டையின் படி எவர் கண்ணுக்கும் பொதுவாகக் கிடக்கத்தக்கதன்று.

ஊருக்கு ஒன்றாக இருந்த அச்சுக்கூடம் இன்று வீட்டுக்கு ஒன்றாக வந்துள்ளது. ஆயினும், அது ஒருவர்க்கு மட்டும் உரியதாகாமல் வீட்டினர் அனைவர்க்கும் பொதுவாகப் பயன்பட வேண்டுமாயின், அதற்கு நடுவான இடம் வேண்டும். மாறாத முகவரி வேண்டும். தக்க காவல் வேண்டும். இவை மூன்றும் ஒருநாள் மாலைப்பொழுதில் செய்து முடிக்கத்தக்க சிறு வேலைகளே. தேர்வு நாட்காலை வரும்வரை காத்திராமல் முன்னரே அவற்றைச் செய்து வைப்பது அறிவுடைமையாகும்.